கடையில் விண்டோஸ், கம்பெனியில் லினக்ஸ்: இரண்டு சாப்ட்வேரும் எப்படிப் பேசிக்கொள்ளும்?

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் லேடக்ஸ் என்ற ரப்பர் பாலும் வாங்கும் கடை உங்களுடையது. கணக்கு, அப்பா காலத்தில் ஒருவர் விஷுவல் பேசிக்கில் எழுதிக்கொடுத்த சாப்ட்வேரில் ஓடுகிறது. சரக்கு எடுக்கும் கோட்டயம் கம்பெனியோ லினக்ஸ் சர்வரில் ஜாவாவில் எழுதிய சாப்ட்வேர் வைத்திருக்கிறது. ஒவ்வொரு விவசாயியிடம் வாங்கியதையும் இனி வெப் சர்வீஸ் வழியாக அனுப்பச் சொல்லிவிட்டார்கள். இதுதான் நீங்கள் எழுதியிருப்பது. "வெப் சர்வீஸ் என்றால் என்ன" என்று கேட்டிருந்தாலும், உங்களை அரித்துக்கொண்டிருப்பது வேறு இரண்டு கேள்விகள் என்று படுகிறது. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு மொழியில் எழுதிய இரண்டு சாப்ட்வேர் எப்படி ஒன்றையொன்று புரிந்துகொள்ளும்? அதற்காகப் பழையதைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்க வேண்டுமா? நாகர்கோவிலில் இருந்துகொண்டு இந்த மாதிரி இணைப்பு வேலையைத்தான் பல வருடமாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

தூக்கிப்போட வேண்டாம். இதை உறுதியாகச் சொல்ல முடியும். விண்டோஸா லினக்ஸா, விஷுவல் பேசிக்கா ஜாவாவா என்பது வெப் சர்வீஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு கணினிகள் நினைவகத்தில் ஒரு எண்ணை எழுதிவைக்கும் பைட் வரிசைகூட வேறாக இருக்கலாம். எழுத்து, தேதி, பட்டியல் எல்லாமே உள்ளுக்குள் வேறு வேறு அமைப்பில் இருக்கலாம். அதனால் ஒன்றின் உள்ளமைப்பை மற்றது தொடுவதே இல்லை. அனுப்புகிறவர் தன்னிடம் இருப்பதை எல்லோரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக மாற்றி, இணையப் பக்கங்கள் போய்வரும் அதே எச்டிடிபி வழியில் அனுப்புகிறார். பெறுகிறவர் அந்த எழுத்தைப் பிரித்துத் தன் அமைப்பில் போட்டுக்கொள்கிறார். இந்த ஏற்பாட்டுக்குத்தான் வெப் சர்வீஸ் என்று பெயர். களியக்காவிளை தாண்டிப் போகும் லாரியில் ஒரு சரக்குச் சீட்டு போகிறதல்லவா, அந்தச் சீட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கும் என்று இரண்டு பக்கமும் தெரிந்தால் போதும்; நீங்கள் பேரேட்டைத் தமிழில் எழுதுகிறீர்களா, அவர் மலையாளத்தில் எழுதுகிறாரா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

உங்கள் கடையில் ஒரு கொள்முதல் நடந்தால் போகும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்: {"சீட்டு_எண்": "கு-1042", "தேதி": "2025-04-03", "ரகம்": "ஆர்எஸ்எஸ்4", "எடை_கிராம்": 48500, "தொகை_பைசா": 873000}. இந்த வடிவத்துக்குப் பெயர் ஜேசன். கட்டங்களின் பெயரை நீங்கள் படிப்பதற்காகத் தமிழில் எழுதினேன்; ஜேசனில் அதற்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்தான் வைத்திருக்கும். இது கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட இணைய முகவரிக்குப் போகும். கூடவே இரண்டு விஷயம் போகும்: உள்ளே இருப்பது ஜேசன் என்ற குறிப்பும், அனுப்புவது நீங்கள்தான் என்று காட்டும் ரகசியச் சாவியும். அங்கிருந்து ஒரு மூன்று இலக்க எண்ணோடு பதில் வரும். 200 அல்லது 201 வந்தால் வாங்கிக்கொண்டது. 400 வந்தால் செய்தி அமைப்பில் தப்பு. 401 வந்தால் சாவி செல்லவில்லை. 404 என்றால் முகவரி தவறு. 5-ல் தொடங்கும் எண் என்றால் கோளாறு அவர்கள் பக்கம். உங்கள் கடைப் பையன்கூட இந்த எண்ணைப் பார்த்து, யாருக்குப் போன் போட வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு எளிய ஏற்பாட்டுக்கு உலகம் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. உங்களுக்கு ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் வீசும் பெயர்கள் எல்லாம் அந்த வரலாற்றில்தான் இருக்கின்றன. 1991-ல் கோர்பா வந்தது, 1996-ல் மைக்ரோசாப்டின் டிகாம் வந்தது. தூரத்துக் கணினியில் இருக்கும் நிரலைப் பக்கத்தில் இருப்பதுபோலவே கூப்பிட வைப்பது இரண்டின் நோக்கமும். ஒரே நிறுவனத்துக்குள் ஓடின. வெளியே வந்தால், நிறுவனங்களின் பாதுகாப்புச் சுவர்கள் அவை கேட்கும் இணைப்பு வாசல்களை அடைத்து வைத்திருந்தன. இணையப் பக்கங்களுக்கான வாசல் மட்டும் எங்கும் திறந்திருந்தது. 1998-ல், விவரங்களைக் குறிச்சொற்களுக்குள் எழுத்தாக எழுதும் எக்ஸ்எம்எல் என்ற முறை தரமாக அறிவிக்கப்பட்டதும், செய்தியை எக்ஸ்எம்எல்லாக எழுதி அந்தத் திறந்த வாசல் வழியாகவே அனுப்பலாமே என்று தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் சோப், அதன் 1.1 பதிப்பு 2000-ல் வெளிவந்தது. ஒரு சேவை எதைக் கேட்கும், எதைத் தரும் என்பதைக் கணினியே படிக்கும்படி எழுதிவைக்கும் டபிள்யூஎஸ்டிஎல் அதை ஒட்டியே வந்தது. அதே 2000-ல் ராய் ஃபீல்டிங் என்பவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற அணுகுமுறையை விளக்கினார்: இணையம் ஏற்கனவே வைத்திருக்கிற முகவரியும், எடு, வை, மாற்று, நீக்கு போன்ற சில செயல்களுமே போதும், மேலே இன்னொரு உறை வேண்டாம் என்பது அதிலிருந்து நடைமுறைக்கு வந்த பாடம். இன்று புதிதாக எழுதப்படுபவை பெரும்பாலும் ரெஸ்ட் பாணியில், ஜேசனில் இருக்கும். வங்கி, காப்பீடு, பழைய அரசுத் துறை அமைப்புகளில் சோப் இன்னும் ஓடுகிறது. கம்பெனி உங்களுக்குத் தரும் ஆவணத்தில் டபிள்யூஎஸ்டிஎல் என்ற சொல் இருந்தால் சோப் என்று புரிந்துகொள்ளுங்கள். உங்கள் அளவு வேலைக்கு இரண்டில் எதுவானாலும் சரிதான்; எது உயர்ந்தது என்று யாராவது வாதாட வந்தால் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அந்தக் காலத்தில் இன்னொரு பெரிய கனவும் இருந்தது. யுடிடிஐ என்ற பொதுப் பதிவேட்டில் உலகத்துச் சேவைகள் எல்லாம் பதியப்படும், சாப்ட்வேர்கள் தாமாகவே அதில் தேடி, தமக்கு ஏற்ற சேவையைக் கண்டுபிடித்து இணைந்துகொள்ளும் என்றார்கள். ஐபிஎம், மைக்ரோசாப்ட், எஸ்ஏபி மூன்றும் நடத்திய அந்தப் பொதுப் பதிவேடுகள் 2006 ஜனவரியில் மூடப்பட்டன. காரணங்கள் பல சொல்லலாம். என் பார்வையில் அடிப்படைக் காரணம் ஒன்று: செய்தியைக் கொண்டுசேர்ப்பதை இயந்திரத்திடம் விட்டுவிடலாம், அதில் இருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை மனிதர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய ஒரே முக்கியமான விஷயமும் இதுதான். வெப் சர்வீஸ் இரண்டு சாப்ட்வேரையும் இணைக்கும். ஆனால் ஒன்றுக்கு மற்றதைப் புரியவைக்காது.

லேடக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒரு கடையில், செய்தியில் "எடை" என்று ஒரு கட்டம் இருந்தது. கடைக்காரர் அளந்த லேடக்ஸின் மொத்த எடையை அனுப்பினார். வாங்குகிறவரின் சாப்ட்வேர் அந்தக் கட்டத்தை உலர் ரப்பர் எடை என்று எடுத்துக்கொண்டது. நூறு கிலோ லேடக்ஸில் டிஆர்சி, அதாவது உலர் ரப்பரின் பங்கு, 35 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 35 கிலோதான். ஒவ்வொரு செய்திக்கும் 200 என்ற பதில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருந்தது, சர்வருக்கு அது போதும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு சாப்ட்வேரிலும் ஒரு பிழை கிடையாது. விலையிலும் இதே ஆபத்து உண்டு. ரப்பர் போர்டு அறிவிக்கும் தினசரி விலை நூறு கிலோவுக்கு. நம் கடைகளில் பேசுவது கிலோவுக்கு. "விலை" என்று வெறுமனே ஒரு கட்டம் வைத்தால் எது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் மேலே எழுதிய உதாரணத்தில் அலகைக் கட்டத்தின் பெயரிலேயே சேர்த்தேன்.

தேதியும் அப்படித்தான். 03/04/2025 என்று அனுப்பினால் நமக்கு ஏப்ரல் மூன்று, அமெரிக்க முறைப்படி அமைத்த சர்வருக்கு மார்ச் நான்கு. 2025-04-03 என்று வருடத்தை முன்னால் வைத்து எழுதும் ஐஎஸ்ஓ 8601 முறையில் இந்தக் குழப்பம் இல்லை. நேரத்தையும் அனுப்பச் சொன்னால், கூடவே +05:30 என்று இந்திய நேரத்தைக் குறிப்பிட வேண்டும். உலகப் பொதுநேரத்தில் ஓடும் சர்வருக்கு நம் விடியற்காலை முந்தைய நாள். ரப்பர் கடைக்கு அது பெரிதாகத் தெரியாது. தோவாளைப் பூச்சந்தை மாதிரி விடியுமுன் வியாபாரம் நடக்கும் இடத்தில், ஏப்ரல் 1 காலை 4 மணிக்குப் போட்ட சீட்டு மார்ச் 31 இரவு 10.30 என்று பதிவாகும். நாள் மட்டும் மாறவில்லை, நிதியாண்டே மாறிவிட்டது. பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக அனுப்புங்கள். பத்துப் பைசாவைக் கணினியின் இரும முறைப் பின்னத்தால் துல்லியமாக எழுத முடியாது, கூட்டக் கூட்ட நுனியில் பிசகும். விவசாயியின் வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாக அனுப்பவே கூடாது; மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்புங்கள். எண்ணாகப் போனால் முன்னால் இருக்கும் சைபர் உதிர்ந்துவிடும், நீளமான எண்ணின் கடைசி இலக்கங்களும் சில மொழிகளில் மாறிவிடும்.

தமிழில் பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்தப் பத்தி உங்களுக்குத்தான். உங்கள் சாப்ட்வேரின் வயதைப் பார்த்தால், பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு ஒன்றில்தான் பெயர்களைச் சேமித்திருக்க வாய்ப்பு அதிகம். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்படி இருந்தால், திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் கிடக்கும், கோட்டயத்துக்குப் போனால் அப்படியே குப்பையாகத் தெரியும். அனுப்புமுன், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். யூனிகோடுக்குள்ளும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொல்லங்கோடு என்ற ஊர்ப் பெயரை 11 குறியீடுகளிலும் எழுதலாம், 13 குறியீடுகளிலும் எழுதலாம். ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் ஒரு கொம்பு பின்னால் ஒரு கால் என்று பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டு வேறு ஊர். தேடினால் கிடைக்காது, ஒரே விவசாயி இரண்டு பேராகப் பதிவாவார். யூனிகோடு தரத்திலேயே இதை ஒன்றாக்கும் முறை இருக்கிறது, என்எஃப்சி என்று பெயர். நிரல் எழுதுகிறவரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும். இன்னொன்று, யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். மேலே சொன்ன ஊர்ப் பெயரே 33 அல்லது 39 பைட். பெயருக்கு 30 பைட் இடம் ஒதுக்கிய சர்வரில் பெயரின் வால் வெட்டுப்படும்.

அடுத்தது, நம் மலையோரத்தில் மழைக்காலத்தில் தவறாமல் வரும் தொல்லை. செய்தி போய்விட்டது, பதில் வருமுன் இணைப்பு அறுந்துவிட்டது. சீட்டு அங்கே பதிவானதா இல்லையா? கடைப் பக்கத்திலிருந்து இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. போகும்போது அறுந்ததா, பதிந்த பிறகு பதில் வரும்போது அறுந்ததா என்பது இங்கிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். திரும்ப அனுப்பினால் இரண்டு முறை பதிவாகலாம். அனுப்பாவிட்டால் விடுபட்டுப் போகலாம். இதற்குத் தீர்வு, ஒவ்வொரு சீட்டுக்கும் என்றும் மாறாத ஒரு தனி எண் கொடுத்து, அதே எண்ணில் மறுபடி வந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பித் தரும்படி கம்பெனியின் சர்வரை அமைப்பது. அப்போது பதில் கிடைக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பலாம். இந்த ஏற்பாடு அவர்கள் பக்கம் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அதைச் செய்துதரச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம், ஏனென்றால் நட்டம் விழுவது உங்கள் கணக்கில்.

அரசின் ஜிஎஸ்டி மின்னணு விலைப்பட்டியல் இதற்கு நல்ல உதாரணம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள்வரை வந்தது. டேலியில் இருந்து அனுப்புகிறவரும் உண்டு, எஸ்ஏபியில் இருந்து அனுப்புகிறவரும் உண்டு, சொந்தமாக எழுதிய சாப்ட்வேரில் இருந்து அனுப்புகிறவரும் உண்டு. எல்லோரும் அரசு வெளியிட்ட ஒரே ஜேசன் அமைப்பில் அனுப்பி, 64 எழுத்துள்ள ஐஆர்என் என்ற எண்ணைத் திரும்பப் பெறுகிறார்கள். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இந்த நான்கிலிருந்தே அது கணக்கிடப்படுவதால், ஒரே பில்லுக்கு இரண்டு எண் உண்டாகாது. தொழில்நுட்பத்தில் அங்கே பெரிய அதிசயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் பொருள் என்ன, கட்டாயமா இல்லையா என்று எழுதி முன்கூட்டியே எல்லோர் கையிலும் கொடுத்தார்கள், அதனால்தான் ஓடுகிறது.

இனி உங்கள் பழைய சாப்ட்வேரை எப்படி இணைப்பது என்பதற்கு வருகிறேன். அதன் மூல நிரல் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் காலத்து விஷுவல் பேசிக் சாப்ட்வேர்கள் பலவும் விவரங்களை ஆக்சஸ் என்ற தரவுத்தளக் கோப்பில் வைத்திருக்கும். அந்தக் கோப்பைப் படித்து, புதிதாக வந்த சீட்டுகளை ஜேசனாக மாற்றி அனுப்பி, வந்த பதிலைக் குறித்துவைக்கும் சிறிய இணைப்பு நிரல் ஒன்றைத் தனியாக எழுதிவிடலாம். பழையதில் கைவைக்கவே வேண்டாம். ஆனால் கணினி விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடினால் ஒரு தடை வரும். இன்றைய சர்வர்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற மறையாக்கம் எக்ஸ்பியில் இல்லை. விண்டோஸ் 7-ல் உண்டு, சில இடங்களில் அதைத் தனியாக இயக்கிவிட வேண்டியிருக்கும். எக்ஸ்பி என்றால், அதே கடையில் புதிய கணினி ஒன்றை வைத்து, இணைப்பு நிரலை அதில் ஓட்டுங்கள்.

திசையும் முக்கியம். கடையில் இருந்து கம்பெனிக்குக் கூப்பிடுவது எளிது. கம்பெனி உங்கள் கடைக் கணினியைக் கூப்பிடுவது கடினம். சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் உங்கள் கணினிக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய நிலையான முகவரி பெரும்பாலும் இருக்காது. அன்றைய விலையை அவர்களிடமிருந்து பெற வேண்டுமானால், குறித்த இடைவெளியில் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளும்படி வைப்பதே நல்லது. யாராவது "ரூட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிட்டால் போதும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். டேலி வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். டேலியே 9000 என்ற வாசலில் எச்டிடிபி வழியாக எக்ஸ்எம்எல் பேசும், கடைக்குள் இணைக்க அது மிகவும் வசதி. இணையத்துக்குத் திறந்துவைக்க ஏற்றது அல்ல.

உங்கள் கணினியையும் கம்பெனியின் ஆவணத்தையும் பார்க்காமல் செலவு இவ்வளவு, நாள் இவ்வளவு என்று சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆக்சஸ் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டிருந்து அது யாருக்கும் தெரியாமல் இருந்தால் வேலை கூடும். மறுபக்கம், உங்களுக்கு வெப் சர்வீஸே தேவைப்படாமலும் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ம் ஆண்டுக் காடழிப்பு விதியில் ரப்பரும் இருப்பதால், எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று விவரம் கேட்பது அதிகமாகிவருகிறது. உங்கள் கம்பெனியும் அதற்காகக் கேட்கிறதா என்று விசாரியுங்கள். அப்படியானால் நொடிக்கு நொடி விவரம் அவர்களுக்கு வேண்டியிருக்காது. நாள் முடிவில் ஒரு கோப்பாக ஏற்றினால் போதுமா என்று கேட்டுப்பாருங்கள். போதும் என்றால் செலவு வெகுவாகக் குறையும். அலகு, தேதி, பெயர், சீட்டு எண் பற்றிச் சொன்னது எல்லாம் அந்தக் கோப்புக்கும் அப்படியே பொருந்தும்.

நிரல் எழுத ஆள் பார்க்குமுன் கம்பெனியின் ஆளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே அதன் பொருளையும் அலகையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஷீட், லாட் (தரம் பிரிக்காத ஷீட்), ஒட்டுப்பால், லேடக்ஸ் நான்கிலும் நிஜமான பழைய சீட்டு ஒவ்வொன்றை எடுத்து, அது செய்தியாக எப்படிப் போகும் என்று எழுதிப்பாருங்கள். ரத்தான சீட்டை, எடை திருத்திய சீட்டை எப்படி அனுப்புவது என்றும் அப்போதே கேளுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். சோதனைக்கென்று தனி சர்வர் தருவார்களா என்று கேளுங்கள். தொடங்கிய பிறகு சில வாரம் பழைய முறையும் கூடவே நடக்கட்டும். தினமும் கடையை அடைக்குமுன் சீட்டு எண்ணிக்கை, மொத்த எடை, மொத்தத் தொகை மூன்றையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். கம்பெனி தரும் ஆவணத்தில் பெயர், முகவரி, ரகசியச் சாவி எல்லாவற்றையும் மறைத்துவிட்டு இங்கே போட்டால், சோப்பா ரெஸ்டா, திரும்ப அனுப்பினால் இரட்டிப்பாகாமல் தடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.